வடக்கே சிறுத்தை, தெற்கே சூரியன்

மின்கம்பம் எட்டாத ஒரு லடாக் அறைக்குக் கணப்பு தேர்ந்தெடுத்த கதை

ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் பிரச்னை. வடக்கே வைத்தால் எதிர்ச்சரிவு முழுவதும் தெரியும். குளிர்காலத்தில் பனிச்சிறுத்தை நடமாடுவது அந்தச் சரிவில்தான். அதைப் பார்க்கத்தான் டெல்லியிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் பணம் செலவழித்து வருகிறார்கள். தெற்கே வைத்தால் வெயில் வரும். பார்ப்பதற்கு என்று ஒன்றும் கிடையாது. பக்கத்து வயலின் கல்சுவர், ஒரு மாட்டுத் தொழுவம், அவ்வளவுதான்.

செப்டம்பர் மாதம். பார்லி அறுவடை முடிந்து கதிர்க்கட்டுகள் களத்தில் குவிந்திருக்கின்றன. ஊரின் கடைசி வயலில், பன்னிரண்டுக்குப் பதினாலு அடியில் ஒற்றை அறை ஒன்று இடுப்பளவுக்கு எழும்பி நிற்கிறது. ஒன்றரையடி கனத்துக்கு மண்செங்கல் சுவர். இன்னும் ஒரு மாதத்துக்குள் கூரை போட்டாக வேண்டும். நவம்பரில் சேறு குழைத்தால் கையிலேயே உறைந்துவிடும்.

வீட்டுக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். பத்து வருடம் லேயில் டாக்ஸி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அறைக்காக வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார். ஜனவரி முதல் மார்ச் வரை சிறுத்தை பார்க்க வருபவர்களை அதில் தங்கவைத்துக் கடனை அடைப்பதாகத் திட்டம். தன் பெயரும் ஊர் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “எழுதினால் உங்கள் ஊர்க்காரர்களே முதலில் வந்து அறை கேட்பார்கள், ஸார்-லே. அறை சூடாக இருக்குமா என்று எனக்கே தெரியாதபோது அவர்களை எப்படிப் படுக்கவைப்பது?” ‘லே’ என்பது லடாக்கியில் மரியாதை விகுதி. நம் ‘ங்க’ மாதிரி எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும். பாட்டி அபி-லே. தாத்தா மெமெ-லே. அண்ணன் அச்சோ-லே. ஸாரும் ஸார்-லேதான்.

எனவே ஊரைப் பற்றி இவ்வளவு சொல்லலாம். லேயிலிருந்து ஸ்ரீநகர் சாலையில் மேற்கே போக வேண்டும். ஸ்பிதுக், பத்தர் சாஹிப் குருத்வாரா, காந்தமலை என்று சொல்லி எல்லா வண்டிகளையும் நிறுத்தவைக்கும் இடம், பிறகு நிம்மு. அங்கே ஸன்ஸ்கார் ஆறு சிந்துவில் வந்து கலக்கிறது. குளிர்காலத்தில் கரையோரம் பனிக்கட்டி படிந்து நடுவில் மட்டும் பச்சையாக ஓடும். பாஸ்கோ கோட்டையைத் தாண்டி, ஷாம் என்று அழைக்கப்படும் கீழ்லடாக் பகுதியில், சிந்துவை விட்டு வடக்கே பிரியும் பல பள்ளத்தாக்குகளில் ஒன்று. உயரம் சுமார் 3,800 மீட்டர். லேயைவிட முந்நூறு மீட்டர் அதிகம். காற்று அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஜனவரி இரவில் மைனஸ் இருபது சர்வசாதாரணம்.

ஸ்ரீநகரிலிருந்து லே வரையிலான 220 கிலோவோல்ட் மின்பாதையை 2019 பிப்ரவரியில் திறந்துவைத்தார்கள். அதுவரை டீசல் ஜெனரேட்டர்களையும் சிறு நீர்மின் நிலையங்களையும் நம்பியிருந்த லேக்கு அது பெரிய மாற்றம். ஆனால் இந்த ஊரில் கம்பங்கள் கீழ்வீடுகளோடு நின்றுவிட்டன. கடைசி வயல் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் மேட்டில். கம்பி இழுக்க ஆகும் செலவில் இன்னொரு அறையே கட்டிவிடலாம் என்கிறார் அவர்.

“கூரைமேல் சோலார் பலகை வைத்து ஹீட்டர் போடலாமே?” என்றுதான் சமவெளியிலிருந்து போகும் எவரும் முதலில் கேட்பார்கள். நானும் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். வெளியே மைனஸ் பதினைந்து, உள்ளே பதினைந்து என்று வைத்துக்கொண்டால், அப்படி ஒரு மண் அறைக்கு இரண்டரை முதல் மூன்று கிலோவாட் வெப்பம் விடாமல் வேண்டும். பன்னிரண்டு மணி நேர இரவுக்கு முப்பது யூனிட்டுக்கு மேல். லடாக்கின் பளிச்சென்ற குளிர்கால வெயிலிலும் ஒரு கிலோவாட் பலகை நாளுக்கு நாலைந்து யூனிட்தான் கொடுக்கும். ஆறேழு கிலோவாட் பலகை வேண்டும்; அதைவிட முக்கியமாக, அத்தனையையும் இரவுவரை பிடித்துவைக்க பாட்டரி வேண்டும். ஈய பாட்டரி குளிரில் பாதி செத்துவிடும். லித்தியம் பாட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். பாட்டரிக்கே ஒரு கணப்பு வைக்க வேண்டிய நிலை. விளக்குக்கும் போனுக்கும் காமிராவுக்கும் இரண்டு பலகை போதும் என்று அதை முடித்துக்கொண்டோம்.

அடுத்தது காஸ். அவருடைய மச்சினர் லேயில் விடுதி நடத்துகிறார். அவர் சிபாரிசு அதுதான். ஒரு ஸிலிண்டர், அதன்மேல் ஓர் அடுப்பு முகம். கூரையில் ஓட்டை போட வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம், விருந்தாளி தானே பற்றவைத்துக்கொள்வார். கணக்குப்படி அந்த அறைக்கு ஓர் இரவுக்கு இரண்டரை கிலோ. 14.2 கிலோ ஸிலிண்டர் ஆறு நாளில் காலி. அதுகூடப் பரவாயில்லை. நம் சமையல் காஸில் பியூட்டேன் அதிகம். அது பூஜ்யம் டிகிரியை ஒட்டி ஆவியாவதையே நிறுத்திவிடும். வெளியே வைத்த ஸிலிண்டர் காலையில் ஊமையாக இருக்கும். கம்பளி போர்த்தி வீட்டுக்குள் கொண்டுவந்து படுக்கவைக்கிறார்கள். மேலே வெந்நீர் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். போதாததற்கு ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். அது போகும் வழியில்லாமல் ஜன்னலில் படிந்து உறையும். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் கால் அங்குலப் பனி.

காஸ் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதற்கு ஸிலிண்டர் கணக்கு காரணமல்ல. சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம், லேயில் ஒரு தங்கும் விடுதியில் இறங்கிய முதல் இரவு. அறையில் அப்படி ஒரு காஸ் கணப்பு. ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் டேப் ஒட்டி, கதவடியில் கம்பளி செருகிக் கச்சிதமாக அடைத்திருந்தார்கள். அந்த அக்கறைக்கு நன்றிகூடச் சொன்னேன். நடுநிசிக்கு மேல் மண்டை பிளக்கும் வலியோடு விழித்தேன். குமட்டல். உயரத்துக்குப் போனால் முதல் நாள் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்லியனுப்பியிருந்தார்கள். எனவே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி படுத்தேன். அதுதான் முட்டாள்தனம். உயரத்தால் வரும் உபாதைக்கும் கார்பன் மோனாக்ஸைடு விஷத்துக்கும் தொடக்கத்தில் ஒரே அறிகுறிகள்தான்: தலைவலி, குமட்டல், அசதி. நிறமில்லை, மணமில்லை. மெல்லிய காற்றில் காஸ் சரியாக எரியாமல் அதை அதிகமாகவே உமிழும்.

என்னைக் காப்பாற்றியது அறிவல்ல, சிறுநீர். எழுந்தவன் கால் துவண்டு கதவில் மோதி விழுந்தேன். கதவு திறந்துகொண்டது. நடைபாதையின் மைனஸ் எட்டு டிகிரிக் காற்று முகத்தில் அடித்தது. பதினைந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தபோது தலைவலி பாதியாகக் குறைந்தது. உயர உபாதை பதினைந்து நிமிடத்தில் குறையாது. அப்போதுதான் புரிந்தது. உள்ளே போய்க் கணப்பை அணைத்து, டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்து, இருந்த துணியெல்லாம் போர்த்திக்கொண்டு விடியும்வரை நடுங்கினேன். காலையில் விடுதிக்காரர், “ஜன்னலைத் திறந்து வைத்தீர்களா? காஸ் வீணாகிவிடுமே” என்றார்.

இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய மனைவிதான் எழுந்துபோய், மச்சினர் அனுப்பியிருந்த காஸ் கணப்பின் அட்டைப்பெட்டியைத் தொழுவத்துப் பக்கம் வைத்துவிட்டு வந்தார்.

மண்ணெண்ணெய் புகாரிக்கு ஆதரவாகப் பேசியவர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா. புகாரி என்பது தகர உருளை. நடுவில் நெருப்பு, மேலே கூரையைத் துளைத்துப் போகும் புகைக்குழாய். விறகு போடுவது ஒரு வகை. சொட்டுச்சொட்டாக எண்ணெய் இறங்குவது இன்னொரு வகை. எல்லைக் காவல் சாவடிகளில் பல காலமாக இரண்டாவதுதான். அந்த அறைக்கு ஓர் இரவுக்கு ஐந்து லிட்டர் வேண்டும். தொண்ணூறு இரவுக்கு நானூற்றைம்பது லிட்டர். ரேஷன் மண்ணெண்ணெய் முன்போலத் தாராளமாகக் கிடைப்பதில்லை. கரியும் நாற்றமும் வேறு. ராணுவமே அதிலிருந்து விலகப் பார்க்கிறது. எண்ணெய்ச் செலவையும் கார்பன் மோனாக்ஸைடு சாவுகளையும் குறைக்க ஹிம் தாபக் என்ற புதுக் கணப்பை உருவாக்கியிருப்பதாகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ 2021 ஜனவரியில் அறிவித்தது. “அது எனக்குக் கிடைக்காது. பழையதைச் சுத்தம் செய்யத் தெரியும்” என்கிறார் சித்தப்பா.

மிச்சம் விறகும் வறட்டியும். இரண்டும் ஊரிலேயே கிடைக்கும் என்பது பாதி உண்மை. வாய்க்கால் ஓரங்களில் நிற்கும் வில்லோவும் பாப்ளரும் காட்டு மரங்களல்ல. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. பாப்ளர் உத்தரத்துக்கு, வில்லோ குச்சிகள் கூரைக்குப் பரப்ப. கழித்துக்கட்டிய கிளைகள்தான் அடுப்புக்கு. அறைக்கு ஓர் இரவுக்குப் பதினைந்து கிலோ என்றால் பருவத்துக்கு ஒன்றேகால் டன்னுக்கு மேல். அவர் வீட்டு மரங்கள் அதில் பாதிகூடத் தாங்காது. கிழக்கே சாங்தாங் மேட்டில் மரமே இல்லை. அங்கே பூர்ட்ஸே என்ற குட்டைச் செடியை வேரோடு பிடுங்கி எரிக்கிறார்கள். பிடுங்கிய இடம் மறுபடி பச்சையாக வருடங்கள் ஆகும்.

வறட்டிக்கு மாடு வேண்டும். முன்பு இந்த வீட்டில் பதினெட்டு உருப்படிகள். இப்போது ஐந்து. மேய்க்கப் போக ஆளில்லை. பிள்ளைகள் லேயிலும் ஜம்முவிலும் படிக்கிறார்கள். இந்தக் கணக்கு எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் வராது. பையன்கள் ஊரைவிட்டுப் போனால் அடுப்பு அணைகிறது.

அபி-லேக்கு எண்பது தாண்டிவிட்டது. சான்ஸா என்கிற பெரிய சமையலறையில், அடுப்பை ஒட்டிய இடம் அவருடையது. செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் சுவர் நிறைய மின்னும். வறட்டிப் புகை அறுபது வருடம் அடித்து அவர் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். இருமல் நிற்பதில்லை. டாக்டர் புகையிலிருந்து தள்ளியிருக்கச் சொல்லியிருக்கிறார். தள்ளி எங்கே இருப்பது? மற்ற அறைகளெல்லாம் உறைந்து கிடக்கும். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டைச் சூடாக்குவதே இல்லை; வீட்டைச் சுருக்கிக்கொண்டார்கள். அக்டோபரில் மேல்மாடியைப் பூட்டிவிட்டு, தொழுவத்தின் வெதுவெதுப்பு ஏறும் தாழ்ந்த கூரை அறைக்கு மொத்தக் குடும்பமும் இறங்கிவிடும். கனமான கோஞ்சா அங்கி உடம்பிலேயே இருக்கும். சூடாக்க வேண்டியது மனிதனைத்தான், அறையை அல்ல. காஷ்மீரிகள் அங்கிக்குள் காங்கடி நெருப்புச் சட்டியை வைத்துக்கொள்வதும் அதே யோசனைதான். பணம் உள்ள காஷ்மீரி வீடுகளில் ஹமாம் உண்டு: தளத்துக்குக் கல்பலகை, அதற்கு அடியில் விறகு நெருப்பு. படுத்தால் எழ மனம் வராது. ஆனால் அது விறகு உள்ள ஊருக்கு. இங்கே எடுபடாது.

ஆனால் விருந்தாளி கோஞ்சா போட்டுக்கொள்ள மாட்டார். பதினெட்டு டிகிரி கேட்பார்.

மறுநாள் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஃபேய்க்குப் போனேன். லேயிலிருந்து பதினெட்டு கி.மீ., சிந்துக் கரையில், ஸெக்மோல் என்ற மாணவர் இயக்கத்தின் வளாகம். 1988ல் தொடங்கிய அமைப்பு. பத்தாவதில் தோற்ற பிள்ளைகளுக்கு இடம் கொடுத்துப் பெயர் வாங்கியது. கட்டிடங்கள் இடித்துக் கெட்டிப்படுத்திய மண். எல்லாம் தெற்குப் பார்த்தவை. குளிர்காலத்தில் தெற்கு முகத்தில் பாலித்தீன் திரை போட்டு ஒரு கண்ணாடிக்கூடம் மாதிரி ஆக்கிவிடுவார்கள். கோடையில் சுருட்டி வைத்துவிடுவார்கள். 2016ல் பிரான்ஸின் லியோன் நகரில் நடந்த உலக மண்கட்டிட மாநாட்டில் அவர்களுடைய பெரிய கட்டிடத்துக்கு டெர்ரா விருது கிடைத்தது. அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான ஸோனம் வாங்சுக் 2021ல் கல்வான் பகுதிச் சிப்பாய்களுக்காக ஒரு சூரியக் கூடாரத்தைச் செய்து காட்டினார். இரவு பத்து மணிக்கு வெளியே மைனஸ் 14, உள்ளே 15 என்பது அவர் வெளியிட்ட கணக்கு.

நம் ஆள் கட்டிடங்களை அண்ணாந்து பார்க்கவில்லை. குனிந்து சுவரின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு மாணவனிடம் பாலித்தீன் எத்தனை வருடம் வரும், காற்றில் கிழிந்தால் என்ன செய்வீர்கள் என்று துருவினார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

லடாக்குக்குச் சூரியச் சுவர் புதிதல்ல. தெற்குச் சுவருக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, சில அங்குலம் இடைவெளி விட்டு முன்னால் கண்ணாடி போடுவார்கள். வெயில் சுவரைக் காய்ச்சும். கண்ணாடி சூட்டை வெளியே விடாது. ஒன்றேகால் அடிச் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தச் சூடு உள்பக்கம் வந்துசேர எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். அதாவது பகல் ஒரு மணி வெயில் இரவு பத்து மணிக்குப் படுக்கைக்கு வருகிறது. 1881லேயே எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1960களில் பிரான்ஸில் இதை வைத்து வீடு கட்டிக் காட்டிய ஃபெலிக்ஸ் ட்ரோம்பின் பெயர் நிலைத்துவிட்டது. 1970களின் இறுதியில் லடாக்குக்கு வந்தது. 1983ல் தொடங்கிய லடாக் சூழலியல் வளர்ச்சிக் குழுவும், பிறகு ஜெரெஸ் என்ற பிரெஞ்சு அமைப்பும் உள்ளூர்க் கொத்தனார்களைப் பழக்கி நூற்றுக்கணக்கான வீடுகளில் வெயிலைப் பிடிக்க ஏற்பாடு செய்தன. சுவருக்கும் கூரைக்கும் இடையில் வைக்கோல், மரச்சீவல் என்று கைக்குக் கிடைத்ததைத் திணித்து வெப்பத்தை அடைத்தார்கள்.

இவ்வளவு இருந்தும் லேயில் புதிதாக எழும் விடுதிகள் பெரும்பாலும் ஸிமெண்ட் பெட்டிகள். 2010 ஆகஸ்டில் மேகம் வெடித்து வந்த சேற்று வெள்ளம் இருநூறு பேருக்கு மேல் பலிகொண்டது. மண் வீடுகள் கரைந்து போனதைப் பார்த்தவர்களுக்கு மண்மேல் பயம். அது நியாயமான பயம்தான். ஆனால் ஸிமெண்ட் சுவர் குளிரை அப்படியே உள்ளே கடத்தும். அதற்குள் காஸ் கணப்பு. சுழல் மறுபடி ஆரம்பம்.

ஆக வெயில்தான் என்று முடிவாகியும் ஜன்னல் பிரச்னை தீரவில்லை. தெற்கு முழுவதையும் வெயிலுக்குக் கொடுத்துவிட்டால் வடக்கே ஒரு பெரிய கண்ணாடி வைத்தே ஆக வேண்டும். இல்லையேல் எதற்காக அறை? ஒற்றைக் கண்ணாடி, அதே அளவு மண்சுவரைப்போல ஐந்து மடங்கு வெப்பத்தை வெளியே விடும். தெற்கே சம்பாதித்ததையெல்லாம் வடக்கே தொலைப்பதாகும். இரட்டைக் கண்ணாடி கடனுக்குள் அடங்கவில்லை.

அன்று மாலை அபி-லேயை மெதுவாகக் கைபிடித்து வயலுக்கு அழைத்துவந்தார்கள். அவர் முதலில் சுவரைப் பார்க்கவில்லை. தெற்கு மலைவிளிம்பைப் பார்த்தார். அங்கே ஒரு பாறையைக் காட்டி, குளிர் முற்றிய மாதத்தில் சூரியன் அந்தப் பாறைக்குப் பின்னால் எழும், இந்தப் பள்ளத்தில் விழும் என்று இரண்டு இடங்களைச் சுட்டினார். டிசம்பர் 22 அன்று இந்த அட்சரேகையில் உச்சிச் சூரியன் முப்பத்திரண்டு டிகிரி உயரம்தான் ஏறும். தெற்கே மலை கொஞ்சம் உயரமாக இருந்தால் தெற்கு ஜன்னலே வீண். அபி-லேயின் பாறைக் கணக்குப்படி அந்த வயலுக்குக் காலை ஒன்பதரையிலிருந்து மாலை மூன்று மணிவரை வெயில் உறுதி. பத்தடி கீழே தொழுவம் இருக்கும் இடத்துக்கு இரண்டு மணிக்கே நிழல். எந்தக் கருவியும் இல்லாமல் இந்த நிலஅளவை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

பிறகு ஜன்னல் விவகாரத்தைச் சொன்னோம். அவர் சிரித்தார். ஷான் (சிறுத்தைக்கு அதுதான் பெயர்) எதற்கு அந்தச் சரிவுக்கு வருகிறது? நாபோ என்கிற நீலச்செம்மறிகளைத் தேடி. நாபோ எதற்கு அங்கே வருகிறது? அந்தச் சரிவு தெற்குப் பார்த்தது, வெயிலில் பனி உருகிப் புல் தெரியும் என்பதால். “மிருகத்துக்கு எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்று தெரிந்திருக்கிறது” என்றார். அறைக்குள் உட்கார்ந்து ஷானைப் பார்த்தவனை இதுவரை கண்டதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அது உண்மை. வருகிறவர்கள் விடியலிலும் அந்தியிலும் மேட்டில் டெலஸ்கோப்போடு நின்றுதான் பார்க்கிறார்கள். அறைக்குத் திரும்புவது உறைந்த விரல்களைக் காப்பாற்றத்தான்.

வடக்கே ஒன்றரையடிச் சதுரத்தில் ஒரே ஒரு ஜன்னல். டெலஸ்கோப் மூக்கு நுழைகிற அளவு. அதற்கு மட்டும் இரட்டைக் கண்ணாடி, உள்ளே கம்பளிப் பஞ்சு திணித்த மரக்கதவு. தெற்கே பாதிக்கு உயரமான கண்ணாடி, பகலில் நேராக வெயில் வாங்க. ஏழடி உயரத்திலிருந்து குளிர்கால வெயில் பதினோரு அடி உள்ளே பாயும்; அறையின் பின்சுவரைத் தொட்டுவிடும். மறுபாதி கறுப்புச் சுவர், இரவுக்கு. இரண்டுக்கும் முன்னால் ஆறடியில் பாலித்தீன் கூடம். மற்ற மூன்று சுவர்களுக்கும் உள்ளே இன்னொரு மெல்லிய சுவர், நடுவில் வைக்கோல். கூரையில் வில்லோக் குச்சிக்கு மேல் ஒரு சாண் மரச்சீவல், அதற்கு மேல் மண். இத்தனையும் செய்தால் தேவை பாதியாகும். மிச்சத்துக்கு ஒரு சின்ன விறகு புகாரி, மாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும்.

புகாரிக்குத்தான் சித்தப்பா கடைசியில் பயன்பட்டார். குழாய் கூரையைத் தாண்டும் இடத்தில் தகர வளையம் போட்டு, குச்சிகளிலிருந்து ஒரு சாண் விலக்கி, சுற்றிலும் மண் பூசினார். குழாய் கைப்பிடிச் சுவருக்கு மேல் மூன்றடி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகையை உள்ளே தள்ளும் என்று வாதாடி ஜெயித்தார். நான் டெல்லியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று வாங்கி அனுப்பினேன். அது வந்துசேர்ந்த அன்று சமையலறையில் பாட்டரி போட்டுப் பார்த்தார்களாம். அபி-லேயின் அடுப்பருகே போனதும் அலறியது. எல்லோரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றதாக வீட்டுக்காரர் போனில் சொன்னார்.

பிப்ரவரியில் மறுபடி போனேன். முதல் இரவு அந்த அறையில் நானே படுத்தேன், ஒரு தெர்மாமீட்டரோடு. பகல் இரண்டு மணிக்கு, நெருப்பே இல்லாமல், உள்ளே பத்தொன்பது. பாலித்தீன் கூடத்தில் சட்டையோடு உட்கார முடிந்தது. ஆறு மணிக்குப் பதின்மூன்று. புகாரி பற்றவைத்து எட்டு மணிக்குப் பதினெட்டு. நெருப்பு அணைந்தபின் இறங்கத் தொடங்கியது. ஆனால் கறுப்புச் சுவரின் உள்பக்கத்தில் கை வைத்தால் இளஞ்சூடு, பால் பாத்திரத்தைத் தொட்டதுபோல. கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு வெளியே மைனஸ் பத்தொன்பது. உள்ளே ஏழு. ஐந்து கிலோ விறகு.

ஏழு டிகிரி சொர்க்கமல்ல. மூக்கு சில்லிட்டது. ஜனவரியில் தங்கிய ஒரு தம்பதி இரண்டாம் நாளே லேக்குத் திரும்பிவிட்டார்களாம். மேகம் மூடிய மூன்று நாள்களில் விறகு மும்மடங்கு போயிருக்கிறது. சுவர் இந்த வருடம் முழுதாகக் காயவில்லை, ஈரச் சுவர் சூட்டைத் தின்னும், அடுத்த குளிர்காலம் இன்னும் மூன்று டிகிரி தேறும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம். இந்தப் பருவத்தில் முப்பத்தொரு இரவுகள் அறை நிரம்பியது. வங்கித் தவணைக்கு நாற்பது வேண்டும்.

வேறொரு சிக்கலும் இருக்கிறது. பத்து மணிக்கு விருந்தாளிகள் மேட்டுக்குப் போனதும் அபி-லே அறைக்கு வந்துவிடுகிறார். பாலித்தீன் கூடத்தில், கறுப்புச் சுவருக்கு முதுகைக் கொடுத்து, மணிச்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு மூன்று மணிவரை நகர்வதில்லை. பகலில் இருமல் குறைந்திருக்கிறது என்று மருமகள் சொன்னார். நான் அங்கிருந்தபோது ஒரு பெங்களூர்க்காரர் சீக்கிரம் திரும்பிவந்து, யாரோ ஒரு பாட்டி என் அறையில் இருக்கிறார் என்று புகார் செய்தார். வீட்டுக்காரர் சங்கடத்தோடு கையைப் பிசைந்தார்.

கிளம்பும்போது என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். வெயிலில் மக்காத பாலித்தீன், இருநூறு மைக்ரான், முப்பதடி. கிழிந்த மூலைக்கு ஒட்டும் டேப், இரண்டு சுருள். அறைக்கு இல்லையாம். சான்ஸாவின் தெற்குச் சுவருக்கு.